வயிறு பிடிக்க, வாய் வரவேற்க

நம் பயிற்சிக்கூடத்தில் தொங்கு வளையம் சொல்லித்தரும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் இதை எழுதுகிறேன். போன வாரம் நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைப் பிடித்து உட்காரவைத்து, சர்க்கஸில் வளையம் ஆடிய காலத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் எழுந்துபோய் விளக்குமாற்றை எடுத்து, ஏற்கெனவே கூட்டிய தரையைத் திரும்பக் கூட்ட ஆரம்பித்துவிட்டேன். பன்னிரண்டு கண்கள் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கூடாரம் நிறைய ஆட்கள் முன்னால் தலைகீழாகத் தொங்கியவரா இவர் என்று நீங்கள் சிரித்தது காதில் விழுந்தது. தலைகீழாகத் தொங்குகிறவனுக்கு யார் முகமும் ஒழுங்காகத் தெரியாது. அந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த வசதியே அதுதான். பேச வராததால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பை ஓரமாக நின்று பார்த்தேன். வளையத்தில் தொங்கிக்கொண்டு, முழங்கால்களை நெஞ்சுக்கு மடக்கி, இருபது எண்ணும்வரை பிடிக்கச் சொன்னீர்கள். ஒரு பெண் பிடித்தாள். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. இறங்கியதும் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் கைதட்டினீர்கள். அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடிக்கவில்லை, மூச்சைப் பிடித்தாள். வயிற்றுக்கும் இடுப்புக்கும் வலு ஏற்றுவதற்கு நீங்கள் என்னென்னவோ பெயர் சொல்கிறீர்கள். எங்களுக்கு அதற்குப் பெயரே கிடையாது. “வயிறு பிடிக்குதா, இல்லையா?” என்பதோடு சரி. என் வயிறு அப்படிப் பிடிக்காததால், கிட்டத்தட்ட வளையத்தையே இழக்கப் பார்த்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

நான் பம்புசெட் வார்ப்படக் கம்பெனியில் மண் அள்ளிய ஆள். அச்சுப்பெட்டிகளைத் தூக்கித் தூக்கிக் கை இரண்டும் உரமேறிப் போயிருந்தன. ஒரு வருடம் ஊருக்குச் சர்க்கஸ் வந்தது. கூடாரம் கட்ட ஆள் வேண்டும் என்றார்கள். போனேன், அவர்களோடேயே போய்விட்டேன். துடியலூரில் என் வீட்டில் யார் கேட்டாலும், “கூடார வேலைங்க” என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அது பொய்யும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் கூடாரம் உடுமலைப்பேட்டையில் இருந்தபோது, வளையம் ஆடிக்கொண்டிருந்த அக்கா கல்யாணமாகித் தலைச்சேரிக்குப் போய்விட்டார். வளையம் சும்மா தொங்கியது. நான் கம்பத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்திருந்த மேனேஜர், “நீ ஏறு” என்றார். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன் நான். ஏறினேன்.

ஏறிய பிறகு என்ன ஆயிற்று என்பதை எப்படிச் சொல்வது? வளையம் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. கூடாரத்தின் நீலப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் கலந்து ஒரே நிறமாயின. ஜமுக்காளம், நாற்காலி, யானைக்குட்டி, மேனேஜரின் வழுக்கை எல்லாம் ஒரு கோடாக ஓடின. சந்தையில் சாமான் வாங்கக்கூட நாலு தரம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போகிற எனக்கு, முதல்தடவையாக ‘என்னை யார் பார்க்கிறார்கள்’ என்ற நினைப்பே வரவில்லை. இறங்கியதும் காரணமில்லாமல் சிரித்தேன். நேராக நடக்க முடியாமல் தீவனக் கட்டின்மேல் விழுந்து, அங்கேயும் சிரித்தேன். இனிமேல் இதைவிட்டு இறங்குவதாக இல்லை என்று அந்தத் தீவனக் கட்டின்மேல் கிடந்தே முடிவு செய்தேன்.

கை எனக்கு உதவியது. வயிறு உதவவில்லை. காலை மேலே கொண்டுபோக ஒவ்வொரு தடவையும் உடம்பை வீசி எறிந்துதான் கொண்டுபோவேன். வளையத்தின் கீழ்வளைவில் இடுப்பெலும்பை வைத்து, கை கால் நான்கையும் விட்டு, குப்புற நீட்டிக் கிடப்பதைப் பறவை என்போம். அதில் கிடக்கும்போது பல்லைக் கடித்து, மூச்சைக் கட்டி, கல்லாகிவிடுவேன். கல்லானால் கிடக்கலாம். ஆனால் கல்லால் எவ்வளவு நேரம் மூச்சில்லாமல் இருக்க முடியும்?

வளையத்தின் கயிறுகள் பாயின் கையில். கோட்டைமேட்டுக்காரர், வயதில் என் அப்பாவுக்கு மூத்தவர். கப்பியில் ஓடும் கயிற்றால் ஏற்றுவதும் இறக்குவதும் அவர்தான். வளையத்திலிருந்து தொங்கும் மெல்லிய கயிற்றைப் பிடித்துச் சுற்றிவிடுவதும் அவர்தான். மேலே இருக்கிறவன் உயிர் அவருடைய உள்ளங்கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் காலை ஒத்திகை. மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். நான் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே பறவையாகக் கிடக்கிறேன். பாய் சுற்றுகிறார். ஏழாவது எட்டாவது சுற்றில் எனக்குக் கண் இருட்டத் தொடங்கியது. நிறுத்தச் சொல்ல வேண்டும். ஆனால் வயதில் மூத்த ஒரு மனிதரைப் பார்த்து ‘நிறுத்து’ என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டியைக்கூட அப்படி விரட்ட மாட்டோம். ஆகவே முறையாக ஆரம்பித்தேன்.

“ஏனுங்க பாய்... தப்பா நெனச்சுக்காதீங்க... உங்களுக்குச் சிரமம் இல்லீன்னா...”

பாயும் மரியாதைக்காரர். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே எதுவும் செய்ய மாட்டார். நான் சொல்லி முடிக்கட்டும் என்று காதைச் சாய்த்துக் காத்திருந்தார். கை மட்டும் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

“...கொஞ்ச நேரம் போல...”

அவ்வளவுதான். கட்டிவைத்த மூச்சைப் பேசுவதற்காக முழுதும் விட்டேன். மூச்சோடு வயிறும் போய்விட்டது. தலை முன்னால் கவிழ, கீழே கொட்டியிருந்த மரத்தூள் குவியலுக்குள் கழுத்துவரை இறங்கினேன். யாரோ காலைப் பிடித்து இழுத்தார்கள். வாய் நிறைய மரத்தூளோடு வாக்கியத்தை முடித்தேன்: “...நிறுத்துனாத் தேவலைங்க.”

மேனேஜர் மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். “எடோ, இது சர்க்கஸா, கல்யாண வீடா? கோயம்புத்தூர் முதல் ஷோவுக்கு ஒரு மாசம் உண்டு. அன்னைக்கு நீ சரியா ஆடணும். மேல இருக்கும்போது பாய்க்கு ஒரு வார்த்தை சொல்லலாம். அதுக்குமேல வாய் திறந்தா வளையம் பெட்டிக்குள்ள, நீ திரும்பக் கூடாரம் கட்ட. அந்த நேரத்துல சைக்கிள்காரங்க ஆடிக்கட்டும்.”

அன்று முழுவதும் காதுக்குள்ளிருந்து மரத்தூள் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் எங்கள் ஜோக்கர். அந்தியூர்ப் பக்கத்துக்காரன், என் வயதுதான். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வான், ஜோக்கர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவர் உண்டென்றால் அவன்தான். அவன் ஒருநாளும் வளையத்தில் ஏறியதில்லை. உயரம் என்றால் அவனுக்கு நாற்காலிகூட ஆகாது.

“கை எருமைக் கை. வயிறு பூனை வயிறு,” என்றான். “நான் ஒரு ஷோவுக்கு இருபது தடவை கீழ உளுவறேன். வாய் ஓயாமப் பேசிட்டேதான் உளுவறேன். பாத்திருக்கறயா?”

“பாத்திருக்கறனுங்க.”

“எனக்கு எதுக்கு ‘ங்க’? உன்ற வயசு எனக்கு. ‘டா’ போடு.”

“சரிங்க.”

அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்து, கடகடவென்று ஒரு கதை சொன்னான். பேச்சு ஓடியது. மூச்சு வந்தது, போனது. வயிறு மட்டும் அடுப்பில் ஏற்றிய தோசைக்கல் மாதிரி அசையாமல் கிடந்தது. “உனக்கு வயிறும் வாயும் ஒரே கயித்துல கட்டியிருக்குது. ஒண்ணத் தொறந்தா இன்னொண்ணும் தொறந்துக்குது. அதைய வெட்டி உடணும்,” என்றான்.

வெட்டுவதற்கு அவன் கண்டுபிடித்த ஆயுதம் தேங்காய். உடுமலைப்பேட்டையில் தேங்காய்க்கு எங்கே போவது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மறுநாள் காலை உரித்த தேங்காய் ஒன்றை என் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் செருகினான்.

“தொங்கு. மொழங்காலை நெஞ்சுக்குக் கொண்டா. வீசாதே, மெதுவா. நாந்தான் உங்கூட்டுக்கு வந்திருக்கற விருந்தாளி. கூப்புடு.”

“என்னங்க?”

“வாசல்ல நிக்கறேன். வெயிலு. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?”

எவ்வளவு கூச்சக்காரனாக இருந்தாலும் வாசலில் நிற்கிற விருந்தாளியை விட்டுவிட முடியுமா? மூச்சை விட்டு, “வாங்க, வாங்க,” என்றேன். முழங்கால் ஏறியது. “உக்காருங்க” என்றேன். வயிறு நடுங்கியது. “தண்ணி...” என்றேன். தேங்காய் போய்விட்டது.

“தண்ணியே குடுக்கலையே இந்த ஊட்டுல!” என்று ஜோக்கர் கூடாரம் முழுக்க முறையிட்டுக்கொண்டே ஓடினான்.

அதற்குப் பிறகு எண்ணிக்கை என்பதே கிடையாது. எத்தனை நொடி பிடித்தேன் என்று யாரும் பார்க்கவில்லை. விருந்தாளி எதுவரைக்கும் வந்தார் என்பதுதான் கணக்கு. முதல் வாரக் கடைசியில் தண்ணீர் கொடுத்துவிட்டேன். இரண்டாவது வாரம், “ஊட்டுல அம்மணி சௌக்கியங்களா? கொழந்தைக பள்ளிக்கோடம் போகுதுங்களா?” என்பதுவரை தேங்காய் நின்றது. சினையாக இருந்த மாடு கன்று ஈன்றதா என்று கேட்கும் இடத்தில் நான்கு நாள் மாட்டிக்கொண்டேன். ஜோக்கர் வேண்டுமென்றே, “மாடு செத்துப்போச்சுங்க,” என்பான். எனக்குச் சிரிப்பு வரும், தேங்காய் போகும். ஒருதரம் அது பாயின் கால் கட்டைவிரலில் விழுந்தது. பாய் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே, “விருந்துக்குக் கூப்புட்டுக் கொல்ற ஊட்ட இன்னிக்குத்தான் பாக்கறேன்!” என்றார். உடைந்த தேங்காயெல்லாம் சமையல் கொட்டகைக்குப் போனது. அந்த மாதம் எங்கள் முகாமில் சட்னி தவிர வேறு எதையும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

சிரித்தால் விழுகிறது என்றால் சிரிப்பை அடக்க வேண்டும் என்று நினைத்தேன். ஜோக்கர் விடவில்லை. “சிரி. சிரிச்சுட்டே புடி. சிரிக்கறப்ப நிக்கற வயிறுதான் வயிறு.” இன்னொன்றும் சொன்னான். ஏறும்போது எப்படியாவது ஏறிவிடுவார்கள், இறங்கும்போது தொப்பென்று விடுவார்கள், வலு இருப்பது இறங்குவதில்தான். ஆகவே விருந்தாளியை வழியனுப்பும் பேச்சு முழுவதும் கால்களை இறக்கும்போது பேச வேண்டும். “போயிட்டு வாங்க, பாத்துப் போங்க, பஸ்ஸு கெடச்சுதானு சொல்லியுடுங்க, அடுத்த கோயில் நோம்பிக்குக் கட்டாயம் வந்துபோடோணும்...” எங்கள் பக்கத்தில் விருந்தாளி ஒரே தடவையில் கிளம்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை. வாசலில் ஒருதரம், படலில் ஒருதரம், ரோட்டில் ஒருதரம். அத்தனை நேரமும் என் கால்கள் விரல் விரலாக இறங்க வேண்டும். அந்த மாதத்தில் என் வயிறு எனக்கே தெரியாத ஆளாக மாறிக்கொண்டிருந்தது.

நடுவில் ஒரு குறுக்குவழியும் பார்த்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் கட்டும் அகலப் பட்டையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினேன். பறவை அருமையாக நின்றது. மேனேஜரே தலையாட்டினார். ஜோக்கர் வந்து பட்டையை உருவிப் பாயின் தோளில் மாட்டினான். “இப்ப பட்டைக்குத்தான் வலு ஏறியிருக்குது. நாளைக்குப் பட்டைய ஆட உடு, நீ கைதட்டு,” என்றான். உங்கள் வகுப்புக்கும் பளபளப்பாகப் பட்டை கட்டிக்கொண்டு சில பேர் வருகிறார்கள்.

ஒரே ஒரு பாடம் மட்டும் எனக்கு ஏறவே இல்லை. பாய்க்குச் சொல்ல வேண்டிய அந்த ஒற்றை வார்த்தை. ‘போதும்’ என்று முடிவாயிற்று. அதைச் சொன்ன நொடியில் பாய் கயிற்றைப் பிடித்து வளையத்தை நிறுத்திவிடுவார். மேலே போய் வாயைத் திறந்தால், “போதுமுங்க” என்று வரும். அல்லது, “ஏனுங்க பாய், போதும்னு நெனக்கறனுங்க” என்று வரும்.

கடைசியில் பாயே கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார். என் தோளில் கைவைத்து, “தம்பி, நீங்க மேல இருக்கறப்ப எனக்கு மரியாதை வேண்டாமுங்க. கீழ வந்து குடுங்க, மொத்தமா வாங்கிக்கறேன்,” என்றார்.

மறுநாள் மேலேயிருந்து, “போதும்!” என்று கத்தினேன். வளையம் நின்றது. இறங்கி ஓடிப்போய்ப் பாயின் முன்னால் நின்று கும்பிட்டு, “மன்னிச்சுக்கங்க பாய், பெரியவங்களப் பாத்து அப்பிடிச் சொல்லிப்போட்டேன்,” என்றேன். அது தினப்படி வழக்கமாயிற்று. ஒரு ‘போதும்’, ஒரு கும்பிடு. பாய்க்கும் அது பிடித்துப்போய், கும்பிடுக்கு நேரம் ஒதுக்கிவைத்துக் காத்திருப்பார்.

கோயம்புத்தூர் முதல் ஷோ, மதியம். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் சுற்றியிருந்ததால் கூடாரம் நிறைந்துவிட்டது. எனக்கு ஜிகினா தைத்த, உடம்போடு ஒட்டிய பச்சைச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் கையால் எங்கெங்கே மறைப்பது என்று தெரியாமல் நின்றேன். மேனேஜர் விரலால் வாயைத் தொட்டுக் காட்டினார். பிறகு பக்கத்தில் இருந்த பெரிய மரப்பெட்டியைக் காட்டினார். புரிந்தது.

பாட்டு ஆரம்பித்தது. ஏறினேன். பாய் இரண்டு ஆள் உயரத்துக்குமேல் கொண்டுபோனார். முழங்கால் மடக்கு, கால் ஏற்றம் எல்லாம் வீசாமல் வந்தன. பறவை போட்டேன். கை விட்டேன், கால் விட்டேன், சுற்ற ஆரம்பித்தது. மூச்சு அதுபாட்டுக்குப் போய்வந்தது. கூட்டம் ஒரு நிறமாகக் குழைந்தது. அந்தப் பழைய கிறுக்குச் சந்தோஷம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. பெட்டி, மேனேஜர், சைக்கிள்காரர்கள் எல்லாம் கோடாகிப் போனார்கள். இன்னும் பத்துச் சுற்று. பிறகு விழுவதுபோலச் சரிந்து முழங்கால் மடிப்பில் தொங்கினால் முடிந்தது.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“மாப்ளே! ஏ மாப்ளே! நீயா அது?”

என் தாய்மாமன். துடியலூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கிறார். அத்தையின் மடியில் பலகாரம் நிரப்பிய பித்தளைத் தூக்குப்போசி. மாமன் எழுந்து நின்று, கையை நெற்றியில் வைத்து, வெயிலில் தென்னை மரத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார்.

ஒரு சுற்றில் அரைப்பங்கு மாமன் பக்கம், அரைப்பங்கு முதுகுப் பக்கம். முதுகுப் பக்கம் போன அந்த அரைச் சுற்றுதான் யோசிக்கக் கிடைத்த நேரம். பதில் சொன்னால் வளையம் பெட்டிக்குள். சொல்லாவிட்டால்? மாமன் கூப்பிட்டுக் காது கேட்காதவன்போல் இருந்தேன் என்றால் அது இன்றைக்கே வீட்டுக்குப் போகும். வளர்ப்பு சரியில்லை என்று அம்மாவின் தலையில் விழும். எது பெரிது என்று நான் முடிவு செய்வதற்குள் மாமன் பக்கம் திரும்பிவிட்டேன். ஒரு மாதப் பழக்கம், வாய் தானே திறந்துகொண்டது.

“வாங்க மாமா! எப்ப வந்தீங்க?”

வயிறு அசையவில்லை. தோசைக்கல்.

மாமன் பதில் சொல்வதற்குள் நான் திரும்பிப் போய்விட்டேன். அடுத்த சுற்றில் வந்து வாங்கிக்கொண்டேன். “இப்பத்தான் மாப்ளே! பஸ்ஸு லேட்டு!”

“வாங்க அத்தை! உக்காருங்க! தண்ணி குடிச்சீங்களா?”

“குடிச்சமுங்க மாப்ளே!” அத்தையும் எழுந்துவிட்டார். “இதென்னுங்க கோலம்? எறங்கி வாங்க, சந்தகை கொண்டாந்திருக்கறோம்!”

“வாரேனுங்க அத்தை! கொழந்தைக சௌக்கியங்களா? மாடு கன்னு போட்டுச்சுங்களா?”

கூட்டம் முதலில் குழம்பியது, பிறகு சிரித்தது, பிறகு சேர்ந்துகொண்டது. அடுத்த சுற்றில், “கெடேரிக் கன்னுங்க!” என்று மாமனோடு சேர்ந்து முன்வரிசை முழுக்கக் கத்தியது. திரை ஓரத்தில் மேனேஜர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். போச்சு என்று தெரிந்தது. போனது போகட்டும், மாட்டையாவது முழுதாகக் கேட்டுவிடலாம் என்றும் தோன்றியது. எனக்கும் சிரிப்பு பொங்கியது. சிரித்தேன். பிடித்தது.

அத்தைக்குத்தான் பயம் வந்துவிட்டது. “கையி காலையெல்லாம் உட்டுட்டாருங்களே! போயிப் புடிங்க!” என்று மாமனைத் தள்ளினார். மாமன் வேட்டியை மடித்துக் கட்டி, தடுப்பைத் தாண்டி, “பயப்படாதே மாப்ளே, நா புடிச்சுக்கறேன்!” என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எனக்கு நேர்கீழே ஓடிவந்தார்.

அங்கே பாயின் சுற்றுக்கயிறு சாட்டை மாதிரி வீசிக்கொண்டிருந்தது. பாயின் கண் மேலே என்மேல் இருக்கிறது, இருக்க வேண்டிய இடமும் அதுதான். மாமனை அவர் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் கயிறு மாமனின் கழுத்தில். இவ்வளவு நேரம் நான் பேசிய பேச்சில் எதையும் பாய் கணக்கில் எடுக்கவில்லை. அவர் காத்திருந்தது ஒரே வார்த்தைக்கு.

“போதும்!”

என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை. பாய் கயிற்றைப் பிடித்தார். வளையம் அந்த இடத்திலேயே நின்றது. வேகமாகச் சுற்றும் வளையம் சட்டென்று நிற்பதுதான் சுற்றுவதைவிடக் கஷ்டம். உடம்பு தொடர்ந்து போகப் பார்க்கும். பழைய ஆளாக இருந்தால் மாமனின் தலைமேலேயே இறங்கியிருப்பேன். கை காலை நீட்டியபடி அப்படியே கிடந்தேன்.

பாட்டு நின்றுவிட்டது. மாமன் கையை இறக்கி, இடுப்பில் வைத்து, மேலே பார்த்தார்.

“ஏ மாப்ளே, வயசுல பெரியவரு. அவரப் பாத்து ‘போதும்’னா சொல்றது? ‘ங்க’ எங்க போச்சு? என்ற தங்கச்சி உன்னைய இப்பிடியா வளத்துனா?”

பாய் கயிற்றை விடாமல், அமைதியாகச் சொன்னார். “கோவிச்சுக்காதீங்க. தம்பி அதையக் கீழ வந்து குடுப்பாருங்க.”

கூடாரம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஜோக்கர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். “வாங்க, வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க,” என்று மாமனைக் கயிற்றுக்கு வெளியே நகர்த்தி உட்காரவைத்துவிட்டான். மாமனும் விருந்துக்கு வந்தவர்போலக் காலை மடக்கி உட்கார்ந்தார்.

பாய் மெதுவாக இறக்கினார். நான் கீழ்வளைவைப் பிடித்து, முழங்கால்களை நெஞ்சிலிருந்து விரல் விரலாக இறக்கினேன். வழியனுப்புகிற பேச்சு முழுவதும் மனதுக்குள் ஓடியது. கால் தரையைத் தொட்டதும் நேராகப் பாயிடம் போய், இரண்டு கையையும் கூப்பி, “மன்னிச்சுக்கங்க பாய்,” என்றேன். பாய் தினமும் செய்வதுபோல் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். மாமனின் முகம் மலர்ந்தது. “அது!” என்றார்.

இவ்வளவும் ஏற்பாடு செய்த ஆட்டம் என்றே கூட்டம் நினைத்தது. ஜிகினாச் சட்டையோடு வெளிச்சத்தில் நிற்கிறேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரைக்குப் பின்னால் ஓடினேன். அங்கே மேனேஜர், மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு வளையத்தை அவிழ்த்துவரட்டுமா என்று கேட்கப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தூக்குப்போசியோடு வந்துகொண்டிருந்த மாமனைப் பார்த்தார்.

“நிங்ஙள் நாளைக்கும் வரணும். இதே நேரம். இதே இடத்துல எழுந்து, இதே மாதிரி கூப்பிடணும்.”

மாமன் ஆற அமர யோசித்தார்.

“நாளைக்கு முடியாதுங்க. தோட்டத்துக்குத் தண்ணி பாச்சற மொறை. நாளான்னைக்கு வாரனுங்க,” என்று சொல்லிவிட்டு, மேனேஜரை எழுந்திருக்கச் சொல்லி, அந்தப் பெட்டியின்மேல் தூக்குப்போசியைத் திறந்து வைத்தார். நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்று, இடியாப்பம் மாதிரிப் பிழிந்த அந்தச் சந்தகையைச் சாப்பிட்டோம். கடைசியாக நான் வளையத்தைவிட்டு இறங்கிய நாள்வரை அந்தப் பெட்டி வேறு எதற்கும் பயன்படவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்தால் இருபது எண்ணச் சொல்லாதீர்கள். நீங்களே வாசலில் நின்று, வெயிலாக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.